ஆயில் மூடிக்குள் வெள்ளைப் படிவு: ஹெட்டை இறக்கும் முன் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள்

கேள்வி, 9 நவம்பர் 2024

மாருதி 800, 1998 மாடல், கார்பரேட்டர் வண்டி. கோத்தகிரியில் ஓடுகிறது. ஆயில் ஊற்றலாம் என்று மூடியைத் திறந்தால் உள்பக்கம் முழுக்க, பால் தூக்கலாகப் போட்ட காபி நிறத்தில் கொழகொழவென்று ஏதோ ஒட்டியிருக்கிறது. பட்டறையில் மூடியைப் பார்த்த மாத்திரத்தில் "கேஸ்கெட் போச்சு, ஹெட்டை இறக்கணும், லேத்தில் கொடுத்து ஃபேஸிங் பண்ணணும், இருபதாயிரம் எடுத்து வையுங்க" என்கிறார்கள். வண்டியை விற்றாலே அவ்வளவு கிடைக்குமா தெரியவில்லை. அப்பா வாங்கிய வண்டி, தள்ளிவிடவும் மனசில்லை. ஓட்டலாமா, நிறுத்திவிடலாமா? யாராவது சொல்லுங்கள்.

9 நவம்பர், இரவு

மூடியை மட்டும் பார்த்துவிட்டு கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே, தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கிற தகடு) போச்சு என்று யாராலும் சொல்ல முடியாது தம்பி. டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கிற குச்சி) உருவிப் பார்த்தாயா? அதில் ஆயில் என்ன நிறம்? ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா? ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுகிறாய்? இதற்கெல்லாம் பதில் தெரியும்வரை ஹெட் போல்ட்டில் யாரையும் ஸ்பேனர் வைக்க விடாதே.

நான் இருப்பது குன்னூர். என்னிடமும் ஒரு பழைய 800 இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மூடிக்குள் கொஞ்சம் வெள்ளை கட்டும், மாசி வெயில் வந்தால் தானாகப் போய்விடும். ஊட்டிக்கு ஆனி ஆடியில் மழை என்றால் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவம்தான் பெரிய மழை, அதனால் இந்த மாதங்களில் இந்தப் பக்கம் பழைய வண்டி வைத்திருக்கிற எல்லாருக்கும் இந்தப் பயம் ஒரு தடவையாவது வந்திருக்கும்.

எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று கேட்பாய். ரேடியேட்டரிலிருந்துதான் வரவேண்டும் என்றில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது, ஆவியாக. பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும் (காலையில் குழாய் நுனியில் சொட்டுவது அதுதான்). கொஞ்சம் பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாகக் கீழே ஆயில் சேம்பருக்குள் இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடானால் அது திரும்ப ஆவியாகி பிரீதர் ஹோஸ் வழியாக ஏர் ஃபில்டருக்குப் போய் எரிந்துவிடும். சூடாகாவிட்டால் உள்ளேயே இருப்பதில் குளிர்ந்த இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்ளும். ஹெட்டை மேலே மூடியிருக்கிற ராக்கர் கவரில் அப்படிக் குளிர்ந்த இடம் ஆயில் மூடி. அங்கே தண்ணீரும் ஆயில் ஆவியும் கலந்து நீ பார்த்த கொழகொழப்பு.

இதெல்லாம் சொன்னதால் உன் வண்டியில் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. பதில் சொல், பார்ப்போம்.

10 நவம்பர், காலை

பதில் பார்த்தேன். டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாகத்தான் இருக்கிறது, குச்சியின் மேல்பகுதியில் மட்டும் இரண்டு வெள்ளைப் புள்ளி. நல்லது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டர், சாயங்காலம் அதே மூன்று கிலோமீட்டர் திரும்பி. இதுவும் நான் எதிர்பார்த்ததுதான். இதுவரை எல்லாம் வெறும் ஈரம் என்ற பக்கமே சாய்கிறது.

ஆனால் ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது என்கிறாயே, வாரத்துக்கு அரை டம்ளர். அதுதான் இடிக்கிறது. ஈரம் கட்டுகிற வண்டியில் ரேடியேட்டர் தண்ணீர் குறைய வேண்டிய அவசியமே இல்லை. அந்தத் தண்ணீர் எங்கேயோ போகிறது. வெளியே ஒழுகினால் பிழைத்தோம். உள்ளே போனால் பட்டறைக்காரர் சொன்னதில் பாதியாவது சரி.

நேற்று இரவு இருந்த தைரியம் இன்று காலை எனக்கு இல்லை. சில சோதனைகள் செய்துவிடு. எதற்கும் பெரிய செலவில்லை:

இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பார். ஒன்று மட்டும் கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்று இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது. இரண்டாவது, ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம்கூட ஆகாதபோது டாப் ஹோஸை (இன்ஜினிலிருந்து ரேடியேட்டரின் மேல்பக்கம் போகிற ரப்பர் குழாய்) கையால் அழுத்திப் பார். இன்ஜின் இன்னும் சூடாகவே இல்லை, அதற்குள் ஹோஸ் விறைத்திருந்தால் சிலிண்டருக்குள்ளிருந்து எரிந்த வாயு ரேடியேட்டருக்குப் போகிறது என்று அர்த்தம், அதற்குமேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அப்புறம் டிப்ஸ்டிக் அளவு. ஆயில் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் வண்டியை அன்றைக்கே நிறுத்து.

10 நவம்பர், இரவு

ஒருவர் கேட்டிருக்கிறார், ஆயிலில் தண்ணீர் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா என்று. உண்டு. பழைய தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து, டிப்ஸ்டிக் நுனியிலிருந்து இரண்டு சொட்டு ஆயிலை விடுங்கள். வெறும் ஆயில் என்றால் சத்தமில்லாமல் பரவி லேசாகப் புகையும். தண்ணீர் கலந்திருந்தால் படபடவென்று பொரியும், குமிழி கிளம்பும். ஆயிரத்தில் ஒரு பங்கு தண்ணீர் இருந்தாலே சத்தம் கேட்கும். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வெளியே, காற்றாடுகிற இடத்தில் வைத்துச் செய்யுங்கள்.

முக்கியம்: அந்தக் கல்லை மறுபடி அடுப்படிக்குள் கொண்டுபோகக் கூடாது. எங்கள் வீட்டில் இதைப் பற்றி நடந்த பேச்சுவார்த்தையை இங்கே எழுதுவதற்கில்லை.

மூடியில் இருக்கிற வெள்ளையை எடுத்துக் கல்லில் போட்டுவிட்டு "பொரிகிறதே!" என்று எழுதாதீர்கள். அது பொரியத்தான் செய்யும், அதில் பாதி தண்ணீர்தான். சோதிக்க வேண்டியது சேம்பரில் இருக்கிற ஆயிலை.

11 நவம்பர்

தம்பியின் முடிவுகள்: பிளக் மூன்றும் ஒரே மாதிரி, கறுப்பாக, கொஞ்சம் கரி அதிகம். டாப் ஹோஸ் மெத்தென்று இருக்கிறது. தோசைக்கல்லில் சத்தமில்லை.

கரி அதிகம் என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். கேஸ்கெட் மேல் எனக்கிருந்த சந்தேகம் பாதிக்கு மேல் போய்விட்டது. ஆனால் தண்ணீர் குறைவதற்கு இன்னும் விடை இல்லை.

12 நவம்பர்

மதுரைப் பக்கம் டாக்ஸி ஓட்டிய ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார், பட்டறைக்காரர் கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று காட்டுவது) வைத்துப் பார்த்து "பத்துதான் வருது, பன்னிரண்டுக்கு மேல் வரணும்" என்று சொன்னாராமே, அப்புறமும் கேஸ்கெட்டுக்கு என்ன வக்காலத்து என்று. நியாயமான கேள்வி. மூன்றிலும் எவ்வளவு வந்தது என்று தம்பியிடம் கேட்டு வாங்கினேன். மூன்றிலுமே பத்து கிலோவை (சதுர சென்டிமீட்டருக்கு) ஒட்டி, ஒன்றுக்கொன்று அரைக்கும் குறைவான வித்தியாசம்.

அண்ணே, கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தமே கீழே இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். சிலிண்டர் உறிஞ்சுகிற காற்றே குறைவு, அழுத்தினாலும் குறைவாகத்தான் காட்டும். மதுரையில் பன்னிரண்டு காட்டுகிற இன்ஜினை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும். மேனுவலில் போட்டிருக்கிற எண் சமவெளிக்கு. மலையில் பார்க்க வேண்டியது மூன்று சிலிண்டருக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை. ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் யோசிக்கலாம். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் எரிந்திருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை.

இந்தக் கணக்குத் தெரியாமல் நீலகிரியில் எத்தனை நல்ல ஹெட்டுகள் இறங்கியிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

13 நவம்பர்

"டெஸ்ட் எல்லாம் எதற்கு, ஆயிலை மாற்றிவிட்டு டீசல் ஊற்றி ஃப்ளஷ் பண்ணினால் சரியாகிவிடும்" என்று எழுதியவருக்கு: வெள்ளை போகும், காரணம் போகாது. அதோடு இருபத்தைந்து வருஷக் கசடு மொத்தமாகப் பெயர்ந்து ஆயில் பம்ப் ஜல்லடையில் போய் அடைத்தால் ஹெட் வேலை போதாமல் அடிவேலையும் சேர்ந்துகொள்ளும். வேண்டாம்.

16 நவம்பர், இரவு

இன்று கோத்தகிரி போயிருந்தேன். ஒரு சாவு வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது, திரும்பும் வழியில் தம்பி வீடு. வண்டி இரவிலிருந்து ஸ்டார்ட் பண்ணாமல் நின்றது, நான்தான் முந்தின நாளே சொல்லிவைத்திருந்தேன்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன் (வண்டி ஆறியிருந்தால் மட்டும், சூட்டில் திறந்தால் முகம் வெந்துபோகும்). தண்ணீர் கழுத்துக்குக் கீழே இருந்தது, கழுத்துவரை ஊற்றி நிரப்பினேன். தம்பியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு டார்ச் அடித்து உள்ளே பார்த்துக்கொண்டே நின்றேன். கேஸ்கெட் போயிருந்தால் குமிழி விடாமல் வரும். ஆரம்பத்தில் இரண்டு மூன்று வந்தது, உள்ளே நின்ற காற்று, அப்புறம் நின்றுவிட்டது.

ஆனால் குமிழியை விட்டுவிட்டு நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட் ஆன அடுத்த நொடியிலிருந்து, தண்ணீர் குளிர்ந்திருக்கும்போதே, ரேடியேட்டர் குழாய்களின் மேல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சுழித்துக்கொண்டு போகிறது. ஆக்ஸிலேட்டரை அழுத்தச் சொன்னால் வேகம் கூடுகிறது.

குளிர்ந்த இன்ஜினில் அப்படி ஓடவே கூடாது. இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைத்திருப்பதுதான் தெர்மோஸ்டாட்டின் வேலை. உள்ளே இருக்கும் மெழுகு 82 டிகிரி வாக்கில் உருகி விரிந்து வால்வைத் தள்ளும், அப்போதுதான் தண்ணீர் ரேடியேட்டருக்குள் வர ஆரம்பிக்க வேண்டும். அதுவரை ரேடியேட்டர் தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும். முதல் நொடியிலேயே ஓடினால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது, இல்லாவிட்டால் வால்வே இல்லை.

டாப் ஹோஸ் வந்து சேரும் இடத்தில் இரண்டு போல்ட்டைக் கழற்றினோம். உள்ளே வெறும் ஓட்டை. தெர்மோஸ்டாட் உட்காரும் பள்ளத்தில் துரு சமமாகப் படிந்திருந்தது, அதாவது கழற்றி வருஷக்கணக்காகிறது.

தம்பி சொன்னான்: "அண்ணா, டெம்பரேச்சர் முள் எப்பவும் அடியை விட்டு நகராது. இன்ஜின் கூலா இருக்குன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டிருந்தேன்."

17 நவம்பர்

நேற்று தூக்கத்தில் எழுதியதில் விட்டுப்போனவை.

ஃபேனும் டைரக்ட் பண்ணியிருக்கிறார்கள். சாவியைத் திருப்பினால் ஃபேன் ஓடுகிறது, இன்ஜின் அணையும்வரை ஓடுகிறது. ரேடியேட்டர் அடியில் இருக்கிற சுவிட்சின் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றியிருக்கிறது. ஆக, கோத்தகிரி மழைக் குளிரில், மூன்று கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு, தெர்மோஸ்டாட் இல்லை, ஃபேன் முழுநேரமும் சுற்றுகிறது. அது எப்படிச் சூடாகும்? கார்பரேட்டர் வண்டி சூடேறாவிட்டால் சோக்கை இழுத்துவைத்துத்தான் ஓட்ட முடியும், சோக் இழுத்தால் பெட்ரோல் அதிகம் போகும், அதனால்தான் பிளக்கில் அவ்வளவு கரி. எரியாத பெட்ரோலும் ரிங் வழியாக ஆயிலுக்குத்தான் போகிறது. டிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாசனை தெரிந்தது. மைலேஜ் கேட்டேன், சொல்ல வெட்கப்பட்டான்.

யார் செய்தது, எப்போது செய்தது என்று தெரியாது. ஏன் செய்தார்கள் என்று ஊகிக்கலாம். வண்டி முதலில் ஈரோட்டில் இருந்ததாம். எங்கேயோ கோடையில் கொதித்திருக்கும். ரேடியேட்டரைக் கழற்றி உப்புப் படிவை எடுத்திருக்க வேண்டும், அதற்குப் பதிலாக ஐந்து நிமிஷத்தில் வால்வைக் கழற்றித் தூர எறிந்துவிட்டு ஃபேனை டைரக்ட் பண்ணிக் கொடுத்திருப்பார்கள். சமவெளியில் அது ஓடிவிடும், மலைக்கு வந்தபிறகு மாட்டிக்கொண்டது.

சரி, தண்ணீர் எங்கே போனது? வாட்டர் பம்ப். பம்புக்கு அடியில் ஒரு சின்னத் துளை உண்டு, சீல் போனால் அதன் வழியாகத்தான் சொட்டும். அங்கிருந்து கீழே ஒரு துருக்கோடு, ஃபேன் பெல்ட் சுற்றித் தெறித்த அடையாளம் மட்கார்டு பக்கம். இன்ஜின் சூட்டில் உடனே காய்ந்துபோவதால் தரையில் சொட்டு விழவில்லை. ரேடியேட்டரில் இருந்ததோ வெறும் குழாய்த் தண்ணீர், நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, யார் கண்ணில் படும்? பச்சைக் கூலண்ட் ஊற்றியிருந்தால் காய்ந்த இடத்தில் பச்சைக் கறை காட்டிக்கொடுத்திருக்கும்.

ஒரே நேரத்தில் சம்பந்தமில்லாத இரண்டு கோளாறு. ஒன்று ஆயில் மூடியில் வெள்ளையைக் காட்டுகிறது, இன்னொன்று ரேடியேட்டரைக் காலி பண்ணுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவனுக்கு அது அச்சு அசல் கேஸ்கெட். பட்டறைக்காரரை நான் குறைசொல்ல மாட்டேன், அவர் பார்த்தவரை அது பொருந்தத்தான் செய்கிறது. அந்தத் தண்ணீர் எங்கே என்று அவர் தேடவில்லை, அவ்வளவுதான்.

18 நவம்பர்

மதுரைப் பெரியவர் மறுபடி: தெர்மோஸ்டாட் இல்லாமலேயே காலமெல்லாம் ஓட்டினேன், ஒரு மூடியிலும் வெள்ளை வந்ததில்லை, அது குளிர்நாட்டுக்காரன் சாமான், நம் ஊருக்கு எதற்கு?

உங்களுக்கு வராததற்குக் காரணம் மதுரை வெயிலும் டாக்ஸி ஓட்டமும், தெர்மோஸ்டாட் இல்லாதது இல்லை. காலையில் ஏறினால் இரவுவரை ஓடுகிற இன்ஜினில் ஈரம் நிற்காது. ஆனால் "நம் ஊருக்கு எதற்கு" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். தெர்மோஸ்டாட் போட்டால் வண்டி கொதிக்கிறது என்றால், திறக்காத தெர்மோஸ்டாட்டாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரேடியேட்டர் அடைத்திருக்க வேண்டும். முழுசாகத் திறந்த வால்வு தண்ணீரைப் பெரிதாகத் தடுப்பதில்லை. கழற்றிவிட்டால் கோளாறு ஒளிந்துகொள்ளும். மதுரையிலும் காலை முதல் கால் மணி நேரம் குளிர்ந்த இன்ஜினில்தான் சிலிண்டர் அதிகம் தேய்கிறது, அந்த நேரத்தைச் சுருக்குவதற்குத்தான் அந்தச் சாமான்.

24 நவம்பர்

வேலை முடிந்தது. அதே பட்டறையில்தான், தம்பி போய்ப் பேசினான், அவரும் ஓட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். வாட்டர் பம்ப் புதுசு, தெர்மோஸ்டாட் சில நூறு ரூபாய், கேஸ்கெட் பேப்பர், ஃபேன் சுவிட்ச், கூலண்ட், ஆயில், ஃபில்டர். முதலில் சொன்ன தொகையில் நாலில் ஒரு பங்குகூட வரவில்லை. ரேடியேட்டரையும் கழற்றிச் சுத்தம் பண்ணச் சொல்லியிருந்தேன், அதைச் செய்யாமல் தெர்மோஸ்டாட் போட்டிருந்தால் ஈரோட்டுக் கதை இங்கே நடந்திருக்கும்.

புது தெர்மோஸ்டாட்டையும் நம்பி மாட்டக்கூடாது. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வு இடுக்கில் ஒரு நூலை நுழைத்து, நூலில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். மூடியிருக்கும்வரை நூலைப் பிடித்துக்கொண்டு தொங்கும். திறந்த கணத்தில் நழுவி "டங்" என்று பாத்திரத்தில் விழும். அப்போது தெர்மாமீட்டரைப் பாருங்கள். அதில் பொறித்திருக்கிற எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் சரி. குன்னூர், கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், ஆனாலும் 82 வால்வைச் சோதிக்க அது போதும். தம்பி வாங்கியது 82 தாண்டி ஓரிரு டிகிரியில் விழுந்தது.

பழைய ஆயிலை இறக்கும்போது வண்டியை இரவெல்லாம் நிறுத்திவைத்து, ட்ரெயின் நட்டை முழுக்கக் கழற்றாமல் மெதுவாகத் தளர்த்தச் சொன்னேன். தண்ணீர் கனம், அடியில் தங்கும், ஆயிலுக்கு முன்னால் அதுதான் சொட்டும். சில சொட்டு வந்தது, அப்புறம் கறுப்பு ஆயில். கேஸ்கெட் வழியாகக் கூலண்ட் இறங்கியிருந்தால் சில சொட்டோடு நிற்காது.

ராக்கர் கவரிலிருந்து போகும் பிரீதர் ஹோஸையும் கழற்றி ஊதிப் பாருங்கள். இவனுடையதில் பாதி அடைத்திருந்தது. ஆவி வெளியே போகும் ஒரே வழி அது.

25 நவம்பர்

"நல்லா ஒரு லாங் ட்ரைவ் அடித்தால் மிச்ச ஈரமும் போயிடும், மேட்டுப்பாளையம் போயிட்டு வா" என்று தம்பியிடம் சொல்லியிருந்தேன். இறங்கிப் போய்விட்டு "முள் பாதிகூட ஏறலையே அண்ணா" என்று கீழேயிருந்து போன் போடுகிறான். இறக்கத்தில் ஏறாது. ஆக்ஸிலேட்டரில் கால் இல்லாமல் இரண்டாம் கியரில் இன்ஜின் பிரேக்கில் இறங்குகிற வண்டியில் எரிவதே கொஞ்சம்தான், சூடு எங்கிருந்து வரும்? திரும்பி ஏறு, அப்போது பார் என்றேன். முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம், அதில்தான் ஆயிலின் சூடு தண்ணீரின் கொதிநிலையைத் தொடுகிற அளவுக்குப் போய் ஈரத்தைத் தள்ளும். ஏறும்போது முள் நடுவில் வந்து நின்றதாம், ஃபேன் தானாகப் போட்டு அணைத்ததாம். அதைச் சொல்லும்போது அவன் குரலில் அப்படி ஒரு பெருமை.

3 டிசம்பர்

வேளச்சேரியிலிருந்து ஒருவர், தெருவில் வெள்ளம் வந்து வடிந்தபின் டிப்ஸ்டிக்கில் சாம்பல் வெள்ளையாக ஆயில் வருகிறது, இதுவும் ஈரம்தானே என்கிறார். இல்லை, இல்லை, இல்லை. அது வெள்ளத் தண்ணீர். ஸ்டார்ட் பண்ணாதீர்கள், சாவியையே திருப்பாதீர்கள், பேட்டரி வயரைக் கழற்றுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் அது அமுங்காது, கனெக்டிங் ராட்தான் வளையும். 2015 டிசம்பரில் சென்னையில் வடிந்த மறுநாள் "ஓடுதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பியே இன்ஜினைப் போக்கிக்கொண்டவர்கள் உண்டு. வண்டியை இழுத்துக்கொண்டுபோய், பிளக்கைக் கழற்றி, ஆயிலை இறக்கி, கியர் ஆயிலையும் இறக்கி, அப்புறம் மற்றது.

மூடியில் மட்டும் வெள்ளை என்பது வேறு, டிப்ஸ்டிக் முழுக்க வெள்ளை என்பது வேறு. இதை எத்தனை தடவை எழுதினாலும் தகும். டிப்ஸ்டிக்கில் ஆயில் முழுக்க நிறம் மாறியிருந்தால் ஓட்டக்கூடாது. அது ஈரமா, கேஸ்கெட்டா, வெள்ளமா என்பதை வண்டி நிற்கும்போது கண்டுபிடித்துக்கொள்ளலாம். கூலண்டில் இருக்கிற கிளைக்கால் ஆயிலில் கலந்தால் பேரிங் தேய்ந்து போகும், அதுவும் சீக்கிரமே.

8 டிசம்பர்

டீசல் வண்டிக்காரர் ஒருவர் எதிர்ப்பக்கமாகக் கேட்கிறார்: ஆயில் சுத்தம், கூலண்ட் டப்பாவில் கொழகொழ. ஹெட்டுக்குப் போகும் முன் ஆயில் கூலரைப் பாருங்கள் சார். நிறைய டீசல்களில் ஆயிலும் கூலண்டும் ஒரு தகட்டுக்கு இருபுறமும் ஓடுகின்றன. தகடு ஓட்டையானால், இன்ஜின் ஓடும்போது ஆயில் அழுத்தம் அதிகம் என்பதால் ஆயில் கூலண்டுக்குப் போகும். எல்லா வண்டியிலும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூலண்டில் ஆயில் இருந்து, ஆயிலில் தண்ணீர் இல்லாவிட்டால் நான் முதலில் கைவைக்கும் இடம் அது. இன்னும் சந்தேகம் தீராவிட்டால், ரேடியேட்டர் வாயில் வைத்து உறிஞ்சிப் பார்க்கிற நீலத் திரவ டெஸ்ட் இருக்கிறது. எரிந்த வாயு உள்ளே வந்தால் நீலம் மஞ்சளாகும் (டீசல் வண்டியில் பச்சையாகவும் மாறலாம்). பெரிய ஊர்ப் பட்டறைகளில் வைத்திருப்பார்கள்.

9 டிசம்பர்

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விற்கிறவர் மூடியைத் துணியால் துடைத்திருப்பார், அது அவருக்குத் தெரிந்த வித்தை. டார்ச் எடுத்து மூடி ஓட்டை வழியாக ராக்கர் கவரின் உள்பக்கக் கூரையைப் பாருங்கள், அங்கே துணி போகாது. முடிந்தால் அன்றைக்கு இன்னும் ஸ்டார்ட் பண்ணாத வண்டியாகக் காலையில் போய்ப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே "சும்மா ஓட்டிப் பார்த்தேன்" என்று சூடேற்றி வைத்திருந்தால் சிரித்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

11 ஜனவரி 2025

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்களே, எத்தனால் தண்ணீரை இழுக்குமே, அதனால்தான் மூடியில் வெள்ளை வருகிறது என்று ஒருவர். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பது நிஜம், அந்த ஈரம் டேங்க்கில் சேரும், பழைய கார்பரேட்டர் ரப்பர்களுக்கும் எத்தனால் ஆகாது. ஆனால் ஆயில் மூடிக்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். ஒரு லிட்டர் எத்தனால் எரிந்தாலும் ஏறக்குறைய அதே ஒரு லிட்டர் தண்ணீர்தான் வரும், பெட்ரோலைவிட ஒன்றும் கூடுதல் இல்லை. எத்தனாலைக் கேள்விப்படாத காலத்திலேயே நான் இந்த வெள்ளையைத் துடைத்திருக்கிறேன்.

19 ஜனவரி

தம்பி வண்டி நிலவரம் கேட்டு இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை, டப்பாவில் போட்ட கோட்டிலேயே நிற்கிறது. சோக் தேவைப்படுவது காலையில் கொஞ்ச நேரம்தான். மூடியில் வெள்ளை முழுக்கப் போகவில்லை, நகத்தால் சுரண்டினால் வருகிற அளவுக்கு ஒரு மெல்லிய படலம் இன்னும் கட்டுகிறது. அது கட்டும். மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் எந்த இன்ஜினும் முழுசாகச் சூடாகாது, தெர்மோஸ்டாட் போட்டாலும். அதற்கு மருந்து மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது ஏற்றத்தில் ஒரு நீள ஓட்டம், அப்புறம் ஆயிலைக் கிலோமீட்டர் கணக்குக்குக் காத்திருக்காமல் மாதக் கணக்கில் மாற்றுவது. இவனுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று சொல்லியிருக்கிறேன்.

இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகலாம் என்றேன். "மழையில அண்ணா?" என்கிறான்.